கூரை இல்லாத டெண்டர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. நீதிமன்ற வராந்தாவில் என் வாய்தாவுக்குக் காத்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் யாரோ, "மூணு மாடிப் பள்ளிக்கூடத்துக்கு விலை போட்டவர் கூரையை மறந்துட்டாராம்யா" என்றார். சிரித்து அடங்குவதற்குள் என் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை நான்தான் ஒப்பேற்றவேண்டும்.

2.

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் காண்ட்ராக்டர்...

(வேண்டாம். கூரையில்லாத கதையில் மழை பெய்தால், குறியீடு என்று யாராவது கட்டுரை எழுதிவிடுவார்கள்.)

இரண்டாவது: அரசு அலுவலகத்தில் டெண்டர் உறைகளைப் பிரித்தார்கள். காண்ட்ராக்டர் போட்ட தொகைதான் ஆகக் குறைவு. மனிதர் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடிவந்தார். மனைவி அவருடைய கணக்குத்தாளை அஸ்திவாரத்திலிருந்து படித்துக்கொண்டே போனாள்.

"ஏங்க, கூரை எங்க?"

"மூணாவது மாடிக்கு மேல பாரு."

"அங்க உங்க கையெழுத்துதான் இருக்கு."

3.

போட்ட விலைக்குக் கட்டினால் ஆள் காலி. கட்டமாட்டேன் என்றால் டெபாசிட் போகும். அது வீட்டை அடமானம் வைத்துக் கட்டிய பணம். ஆகவே வழக்கு.

"கைத்தவறுன்னு நிரூபிச்சா பணம் திரும்பி வரும்" என்றார் அவருடைய வக்கீல். "அலட்சியம்னு தெரிஞ்சா வீட்டை மறந்துடுங்க. எப்படிங்க விட்டுப்போச்சு?"

"மூணு மாடிக்கும் போட்டு முடிச்சேன் சார். டேங்க் வழியுதுன்னு என் வீட்டுக்காரி கத்துனா. வால்வை மூட மொட்டைமாடிக்கு ஓடினேன். வந்ததும், எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்போ கூரை மேல நின்னுக்கிட்டே கூரையை மறந்திருக்கீங்க."

காண்ட்ராக்டருக்கு அழுகை வந்தது. வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. (எனக்கும்தான்.)

[அடிக்குறிப்பு மாதிரி: வால்வை மூட இரண்டு நிமிடம் போதும். மனிதர் மாடியில் முக்கால் மணி நேரம் இருந்தார். காற்று சுகமாக வந்தது. காலை நீட்டித் தூங்கிவிட்டார். டெண்டர் கொடுக்கும் நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மனைவிதான் உலுக்கி எழுப்பினாள். இது அவர்கள் இருவருக்கும் நமக்கும் மட்டுமே தெரியும்.]

4.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மனைவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, 'வால்வு இறுகிப்போச்சுங்க, அதான் நேரமாச்சு' என்று சொல்லவைத்து, சுபம் போட்டுவிட எண்ணியிருந்தேன். எழுதியும்விட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க கதை முடியணும்னு நான் பொய் சொல்லணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"உங்க வீடும்மா அது."

"தெரியாதா எனக்கு? ரெண்டு நாளா பொட்டுத் தூக்கமில்ல. அவர் மட்டும் நல்லாத் தூங்குறாரு."

வேறு முடிவு: அதே நேரம் நீதிபதி வீட்டு டேங்கும் வழிய, அவர் எழுந்து...

(சீச்சீ.)

5.

அரசு வக்கீல் கேட்டேவிட்டார்: "உங்க வீட்டுக்காரர் மாடியில எவ்வளவு நேரம்மா இருந்தாரு? என்ன பண்ணாரு?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கணவரைக் காட்டிக்கொடுத்ததில்லை. பொய் சொன்னதும் இல்லை. இரண்டில் ஒன்று இன்றைக்குப் போகப்போகிறது. அவள் வாயைத் திறக்கிறாள்.

நான் பேனாவை மூடிவிட்டேன். என்ன சொன்னாள் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். மனிதர் பாவம், கைகூப்பியபடி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.