மூன்றாவது துண்டு

அவித்த பசையரிசியை, இடித்து ஒட்டும் களியாக்கும் இயந்திரத்தில் கொட்டி, சுமியே மூடியை அழுத்தியபோது அண்ணன் மிட்சுரு சமையலறைக்குள் வந்தான். கறுப்புக் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தான்.

"என்ன பண்றே?"

"பாத்தா தெரியலையா? மோச்சி இடிக்கிறேன்."

"அப்பா எதுல செத்தார்னு மறந்துபோச்சா உனக்கு?"

"பக்கத்துல இருந்தவ நான், அண்ணா. நீ டோக்கியோவுல இருந்தே."

இயந்திரம் தடதடவென்று ஆடத் தொடங்கியது. மிட்சுரு அதற்கு மேல் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"கேக்குறவங்ககிட்ட எல்லாம் மாரடைப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ பாட்டுக்கு இதைக் கொண்டுபோய் சபையில வெச்சா எப்படி? உனக்காகத்தான் சொல்றேன். ஊரே உன்னைக் கொலைகாரிம்பாங்க."

"நம்ம இச்சினோசெகி ஊர்ல கல்யாணத்துக்கும் மோச்சி, கருமாதிக்கும் மோச்சி. அப்பாவுக்கு மட்டும் கிடையாதா?"

அவன் மறு கையையும் கோட்டில் திணித்துக்கொண்டு வெளியேறினான்.

புத்தாண்டின் முதல் நாள் காலையில் போன உயிர். விடுமுறை முடிந்து மயானம் நான்காம் தேதிதான் திறந்தது. அதுவரை அப்பா தொகுஜி, வயிற்றின் மேல் உலர்பனிக்கட்டியோடு முன்னறையில் கிடந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பணிவாகவே விசாரித்தார்கள். மோச்சி போட்டிருந்த சாற்றின் மிச்சத்தையும் கிண்ணத்தையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நேற்று எரித்தாயிற்று. இன்று சடங்கு.

மரம் அறுக்கும் பட்டறையில் நாற்பது வருஷம் தடி சுமந்த மனிதர் அவர். போன வசந்தத்தில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்து, விழுங்குவதும் கெட்டபின், எல்லாவற்றையும் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். சோறு கூழ். மீன் கூழ். இரண்டு வாய்க்குமேல் அவர் வாங்கவில்லை. "யாரோ தின்னு முடிச்சதை எனக்கு ஊட்டுறே" என்பார். இலை உதிரும் காலத்தில் எடை நாற்பத்தொரு கிலோவுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் ஊட்டச்சத்து ஆலோசகப் பெண்ணிடம் சுமியே மோச்சியைப் பற்றிக் கேட்டாள். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல தெம்புதான், ஒரு துண்டில் அரைக் கிண்ணம் சோற்றின் பலம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். "ஆனா அவர் தொண்டைக்கு அது ஆகாதுங்க. நான் சரின்னு சொல்லவே மாட்டேன்."

இரண்டையும் சுமியே அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"தொண்டை யாருது?" என்றார் அவர்.

அன்று தொடங்கியது. முதலில் தேநீரால் தொண்டையை நனைப்பது. நகத்தளவு துண்டு, துருவிய முள்ளங்கியில் புரட்டி. விழுங்கி முடிக்கும்வரை இருவரும் பேசுவதில்லை. ஒரு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு தானே கழிப்பறைக்குப் போனார். அதையெல்லாம் எந்தப் போலீஸ்காரரும் படம் பிடிக்கவில்லை.

பிக்கு மந்திரம் ஓதி முடித்ததும் பந்தி போட்டார்கள். இருபது பேர். அக்ரூட் பருப்பு அரைத்த சாந்தில் புரட்டிய மோச்சி, ஆளுக்கொரு கிண்ணம். மூடியைத் திறந்தவர்கள் அதைக் கையில் பிடித்தபடியே இருந்தார்கள். போலீஸ் வந்துபோன கதை எல்லார் காதுக்கும் எட்டியிருந்தது. ஒருவரும் சாப்பாட்டுக் குச்சியைத் தொடவில்லை.

மிட்சுரு எழுந்தான். "என் தங்கச்சி வழக்கத்தை விடக்கூடாதுன்னு... அப்பாவுக்குத் திடீர்னு மாரடைப்பு..."

"மாரடைப்பு இல்ல." சுமியே இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். "மோச்சி அடைச்சுத்தான் செத்தார். நான்தான் குடுத்தேன். ரெண்டு துண்டை நகத்தளவு வெட்டினேன். மூணாவது, புது வருஷமாச்சே, கடிச்சுத் திங்கிற மாதிரி பெரிசா ஒண்ணு குடுன்னார். குடுத்தேன். முதுகுல அடிச்சேன், தலையைக் கவுத்தேன், விரல் விட்டுத் தோண்டினேன், வரல. பனியில ஆம்புலன்ஸ் வந்து சேர இருபது நிமிஷம். என்னைத் திட்டணும்னா திட்டிட்டுப் போங்க. ஆனா அவர் பேர்ல பொய் சொல்ல வேண்டாம்."

மிட்சுரு உட்கார்ந்தான். யாரோ இருமி, பாதியில் அடக்கிக்கொண்டார்.

கடைசி வரிசையில் சைசோ இருந்தார். பட்டறையில் அப்பாவோடு தடியின் மறுமுனையைத் தூக்கியவர். எண்பத்து மூன்று வயது.

"ஏம்மா, அந்த மூணாவது துண்டு, ருசிச்சுத் தின்னாரா?"

"கண்ணை மூடிக்கிட்டு மென்னார், மாமா."

"தொகுஜி கில்லாடிப் பய. எனக்குப் பொய்ப்பல்லு. கத்தரிக்கோலு இருந்தா எடுத்துட்டு வா, சின்னதா வெட்டிக்கிறேன்."

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். சுமியே கத்தரிக்கோலை எடுத்து வந்து, அவர் முன் மண்டியிட்டு ஒவ்வொரு துண்டையும் நான்காக வெட்டினாள். அவர் மென்றார். பிறகு பக்கத்திலிருந்தவர் குச்சியை எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவளும் எடுத்தாள். அறையெங்கும் மெல்லும் சத்தம்.

மிட்சுரு தன் கிண்ணத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு துண்டை முழுசாகவே எடுத்துக் கடித்தான். அது வாய்க்கும் குச்சிக்கும் நடுவே நீண்டு, அறுபட மறுத்தது.

சுமியே தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு அவனருகில் போய் உட்கார்ந்தாள். அவன் தொண்டை ஏறி இறங்கும்வரை அங்கிருந்து எழவில்லை.