கரைக்கு உள்ளே ஒரு வீடு

பஞ்சானன் மொண்டல் செய்தியைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மோர்ஜினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் உலை வைத்தாள், அரிசி போட மறந்தாள். வாசலுக்கு வந்து புதுக் கரையை அண்ணாந்து பார்த்தாள், திரும்ப உள்ளே போனாள், மறுபடி வந்தாள். கரை மலை மாதிரி ஒரு பக்கம், ஆறு மறுபக்கம், நடுவில் அவள் வீடு. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. கடல் பொங்கி ஆற்றில் ஏறும் ஓதம் தினமும் கொஞ்சம் கூடுதலாக வந்து, முற்றத்து வாழையின் அடியைத் தொட்டுவிட்டுப் போனது.

பஞ்சானன் வெள்ளக் காப்புக் குழுவின் செயலாளர். நல்ல மனுஷன், கெட்ட செய்தியை மட்டும் நேராகச் சொல்ல வராது. வெற்றிலை போட்டார். அவள் கட்டிக்கொடுத்த மகள் லிப்பியைப் பற்றி விசாரித்தார். மழையைத் திட்டினார். எழுந்து செருப்பைத் தேடும்போதுதான் வாயைத் திறந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மோர்ஜினாவைக் குழுவிலிருந்து எடுக்கப்போகிறார்கள். கரைக்கு உள்ளே குடியிருப்பவர்தான் உறுப்பினராக இருக்கலாம் என்று விதி இருக்கிறதாம். அவள் வீடு இப்போது கரைக்கு வெளியே.

வீடு எங்கேயும் நகரவில்லை. நகர்ந்தது கரைதான். பழைய கரையை ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தபோது, புதுக் கரையை எங்கே போடுவது என்று குழுவில் பெரிய சண்டை நடந்தது. பழைய இடத்திலேயே போட்டால் அதையும் ஆறு தின்னும். தள்ளிப் போட்டால் ஏழெட்டு வீடுகள் ஆற்றுப் பக்கம் நிற்கும், அதில் மோர்ஜினாவின் வீடும் ஒன்று. அவள்தான் எழுந்து, என் வீட்டை விட்டுத்தள்ளுங்கள், ஊரைப் பாருங்கள் என்றாள். எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். தொபாரக் சர்தார் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். இப்போது அதே சர்தார்தான் அந்த விதியை எங்கிருந்தோ தோண்டி எடுத்திருக்கிறார். வெட்கம் என்பதெல்லாம் தலைவர் பதவியில் உட்காராதவர்களுக்குத்தான்.

சர்தார் குழுவின் தலைவர், பெரிய இறால் பண்ணைக்காரர். மதகைத் திறந்து ஆற்றின் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால்தான் அவர் பண்ணைக்கு உயிர். வயலிலோ நெல் இப்போதுதான் பால் பிடித்திருக்கிறது, உப்பு ஏறினால் மொத்தமும் வைக்கோல். குழுவில் இறால்காரர்கள் ஐந்து பேர், நெல்காரர்கள் ஆறு பேர். அந்த ஆறாவது கை மோர்ஜினாவுடையது. அவள் போய்விட்டால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் தலைவர் சொல்வதுதான் முடிவு. வெள்ளிக்கிழமை முதலில் மோர்ஜினா, அடுத்தது மதகு. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

அவள் புருஷன் ஈமான் அலி வலையை உதறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

“போனாப் போகட்டும் விடு, லிப்பி அம்மா. கமிட்டியா நமக்குச் சோறு போடுது? மனை வர்ற வழியப் பாரு.”

மனைதான் அவனுக்கு மூச்சு. கரைக்கு வெளியே விடப்பட்ட குடும்பங்களுக்கு உள்ளே ஆளுக்கொரு மேட்டு மனை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டியலில் அவர்கள் பெயரும் இருந்தது. உள்ளே அவர்களுக்கு இருப்பதெல்லாம் ஒரு துண்டு வாரத்து வயல், அதில் குடிசை போட நிலக்காரன் விடமாட்டான். மனை வரட்டும் என்று ஈமான் அலி மச்சான் வீட்டுத் தோப்பில் மூங்கில்கூடப் பார்த்து வைத்திருந்தான். பேசும்போது கதவு எந்தப் பக்கம் வைக்கலாம் என்று காற்றில் விரலால் கோடு போடுவான். அதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அவன் சொன்னபடி விட்டுவிட அவளால் முடியவில்லை. கரையேறி இறங்கி வயலுக்குப் போனாள். ஒரு கதிரைப் பிதுக்கினாள், விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது. அங்கிருந்து கௌர்ஹரி வீட்டுக்கு நடந்தாள். நெல்காரர்களில் மூத்தவர், கூட்டத்தில் எதிர்த்துப் பேசக்கூடியவர் அவர்தான். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“சித்திரையில கை தூக்கினப்ப என்னைக் கேட்டுக்கிட்டா தூக்கின?” என்றார்.

அந்தக் கோபம் ஆறவே இல்லை. சித்திரையில் தலைவர் தேர்தல் நடந்தபோது கௌர்ஹரியும் சர்தாரும் போட்டி போட்டார்கள். அறுப்பு முடியும்வரை மதகைத் தொடமாட்டேன் என்று சர்தார் மசூதி வாசலில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். மோர்ஜினா அதை நம்பி அவருக்குக் கை தூக்கினாள். ஒரே ஒரு கையில் கௌர்ஹரி தோற்றார். அன்றிலிருந்து நெல்காரர்கள் வீட்டில் அவளுக்குத் தேநீர் கிடையாது. இப்போது அவள் என்ன சொல்லித் தன்னைக் காத்துக்கொள்வாள்? ஏமாந்ததுக்குச் சாட்சி தேடமுடியுமா? தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, மதகை ஒட்டிய தகரக் கொட்டகையில் கூடினார்கள். வெளியே ஓதம் ஏறிக்கொண்டிருந்தது, மதகின் பலகையில் தண்ணீர் மோதுவது பேச்சுக்கு நடுவே கேட்டது. மோர்ஜினா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

சர்தார் தேன் ஒழுகப் பேசினார். மோர்ஜினா பாபி, நம் எல்லாருக்கும் அண்ணி, இந்த ஊருக்குச் செய்தது கொஞ்சநஞ்சமல்ல என்றார். தனிப்பட்ட முறையில் தனக்கு நெஞ்சு வலிக்கிறது என்றார். விதி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு முன்னால் தாம் யார் என்றார். பிறகு பஞ்சானனைப் படிக்கச் சொன்னார். கரைக்குள் குடியிருப்பு இல்லாமல் போகிற உறுப்பினரின் பதவி அந்த நாளிலேயே தானாக முடிந்துவிடும், ஓட்டெடுப்பு தேவையில்லை என்று பஞ்சானன் படித்தார். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார் சர்தார். ஓட்டு வைத்தால் நெல்காரர்களில் யாராவது இரக்கப்பட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதற்காகத்தான் இந்த வரியாகப் பார்த்துப் பிடித்திருந்தார்.

அவளுடைய தரப்பைச் சொல்லலாம் என்றார்கள். அழுவதா, கெஞ்சுவதா என்று தெரியாமல்தான் எழுந்தாள். எழுந்தபின் வாயில் வந்தது வேறு.

“பஞ்சானன் அண்ணா, என் பதவி எந்த நாள்லேருந்து போச்சு?”

“கரை மூடின நாள்லேருந்து. தை மாசம்.”

“இன்னிக்கு இல்லையே?”

“இல்ல பாபி. விதிப்படி அன்னிக்கே போயிடுச்சு.”

“அப்ப சித்திரையில சர்தார் பாய்க்கு நான் தூக்கின கை?”

முதலில் புரிந்துகொண்டவர் கௌர்ஹரி. வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து, நிதானமாக உட்கார்ந்து, அந்தத் தேர்தலில் ஆறுக்கு ஐந்து என்றுதானே முடிவு என்று பஞ்சானனைக் கேட்டார். ஆறில் ஒன்று செல்லாது என்றால் என்ன ஆகும் என்றும் கேட்டார். பஞ்சானன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது அழுக்காகிக்கொண்டே போனது போலிருந்தது. சர்தார் முகத்தில் ஈயாடவில்லை. பதவி மட்டுமல்ல, சித்திரையிலிருந்து தலைவர் என்று அவர் போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் இப்போது கேள்வியாகிவிட்டது.

அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விதியை இவ்வளவு கறாராகப் பார்க்கக்கூடாது என்று முதலில் சொன்னது இறால்காரர் ஒருவர்தான். கரை வரும் முன்பே அந்த வீடு அங்கே இருந்ததே என்றார் இன்னொருவர். கடைசியில் சர்தாரே ஒரு வழி சொன்னார். மோர்ஜினாவின் வீடு கரை மூடிய நாளிலிருந்தே உள்ளே இருப்பதாகக் கருதப்படும் என்று தீர்மானம் போட்டுவிடலாம். எல்லாரும் கை தூக்கினார்கள். அந்தக் குழுவில் எல்லாரும் ஒன்றாகக் கை தூக்கியதை அன்றுதான் பார்த்தார்கள்.

பஞ்சானன் எழுத ஆரம்பித்தவர் பேனாவை நிறுத்தினார்.

“பாபி, மனை வெளியில இருக்கறவங்களுக்குத்தான். உள்ள இருக்கீங்கன்னு நான் எழுதினா, மனைப் பட்டியல்ல உங்க பேரை எடுக்கணும். ரெண்டுலயும் இருக்க முடியாது.”

சர்தார் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. “அவசரமில்ல பாபி. நேத்து வரைக்கும் உள்ள, இன்னிலேருந்து வெளியன்னுகூட எழுதிக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் பரிவாக.

அவளுக்கு மனம் பதறியது. ஈமான் அலியின் விரல் காற்றில் கோடு போட்டது கண்முன் வந்தது. மனையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேநீர்கூடத் தராதவர்களின் நெல்லுக்காக நான் ஏன் என்றும் தோன்றியது. ஆனால் விரலில் ஒட்டிய அந்தப் பால் மனசை விட்டுப் போகமாட்டேன் என்றது.

“எடுத்துருங்க,” என்றாள்.

மதகு ஓட்டுக்கு வந்தது. திறப்பதற்கு ஐந்து கை, மூடியே இருக்க ஆறு. அறுப்பு முடியும்வரை மதகைத் தொடக்கூடாது என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கௌர்ஹரி அவளுக்குத் தேநீர் வாங்கி நீட்டினார். அவள் குடிக்கவில்லை. ஓதம் ஏறுகிற நேரம், வீட்டைப் பார்க்க விரைந்தாள்.

கரையின் உச்சியில் ஏறிப் பார்த்தபோது முற்றம் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. சறுக்கி இறங்கினாள். வீட்டுக்குள் ஈமான் அலி கணுக்கால் தண்ணீரில் நின்று, கட்டிலை உயர்த்தச் செங்கல் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

“மதகு?” என்றான்.

“திறக்கல.”

“உன்னை எடுத்தாங்களா?”

“இல்ல. நம்ம வீடு கரைக்கு உள்ள இருக்குன்னு எழுதிட்டாங்க.”

அவன் காலடியைப் பார்த்தான். “இந்தத் தண்ணிக்கு யாராவது சொன்னீங்களா?” என்றான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அதற்குள் அவனுக்கு உறைத்துவிட்டது.

“அப்ப மனை?”

“பேரை எடுத்தாச்சு.”

“எவன் எடுத்தான்?”

“நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

அவன் கையிலிருந்த செங்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டான்.

“சரி, உள்ள இருக்கறவளே. இந்தக் கட்டில் காலைத் தூக்கு,” என்றான்.

அவள் தூக்கினாள். அவன் செங்கல்லை அடியில் தள்ளினான். இன்னும் மூன்று கால் இருந்தது.