சனிக்கிழமைக் கொட்டகை

என் அக்கா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். அவளுக்கு வேலையே போன்தான். வரவேண்டியவர்களுக்கு முதல்நாள் ஒரு போன், பல் பிடுங்கிக்கொண்டு போனவர்களுக்கு மறுநாள் ஒரு போன், வலி இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று. அவள் குரலைக் கேட்டாலே பாதி வலி போய்விடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு மட்டும் அந்தக் குரலைக் கேட்டால் புதிதாக வலி ஆரம்பிக்கும். தங்கச்சியாகப் பிறந்த பாவம்.

அவள் மகளுக்குப் பதினைந்து வயது. வாய் ஓயாமல் பேசியதால் வீட்டில் ரேடியோ என்றே பெயர். அந்த ரேடியோ கொஞ்ச நாளாக ஊமையாகிவிட்டது. பள்ளி விட்டால் அறை, அறைக்குள் செல்போன். பிள்ளையை வெளியே இழுக்க ஏதாவது ஒன்று வேண்டுமே என்று அக்கா தேட ஆரம்பித்தாள்.

தேடினால்தான் தெரிகிறது. நூலகத்தில் கதை நேரம் பன்னிரண்டு வயதோடு சரி. விளையாட்டுச் சங்கத்தில் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். நடன வகுப்பிலோ, இதையெல்லாம் ஐந்து வயதிலேயே யோசித்திருக்க வேண்டாமா என்று அக்காவையே கடிந்துகொண்டார்கள். ஒரே ஒரு இடத்தில் இந்த வயதுப் பிள்ளைகளைத்தான் சேர்ப்போம் என்றார்கள். அக்கா முகம் மலர்வதற்குள், பிள்ளைக்கு என்ன பிரச்சினை, போதையா, திருட்டா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, சும்மாதான் இருக்கிறாள் என்றதும், அப்படியானால் எங்களிடம் எதுவும் இல்லை என்று போனை வைத்துவிட்டார்கள்.

கடைசியில் ரேடியோவேதான் கண்டுபிடித்தாள். பக்கத்துத் தெரு சைக்கிள் மெக்கானிக், சனிக்கிழமை மதியம் தன் கொட்டகையை நாலைந்து பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவாராம். பழைய சைக்கிள்களைப் பிரித்து மாட்டலாம். பெயர்ப்பலகை கிடையாது, கட்டணம் கிடையாது. முதல் வாரமே கையெல்லாம் கிரீஸோடு வந்து, செயினை எப்படிக் கழற்றுவது என்று சோறு ஆறிப்போகும்வரை பேசினாள். அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள்.

அதோடு விட்டிருக்கலாம். தொழில் பழக்கம் விடுமா? வெள்ளிக்கிழமை மெக்கானிக்குக்கு ஒரு போன், நாளைக்கு உண்டுதானே என்று. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு போன், யாரோடு பேசினாள், சாப்பிட்டாளா, விரலில் கீறல் இருக்கிறதே எப்படி என்று. எல்லாம் அதே ஆஸ்பத்திரிக் குரலில், அத்தனை அன்பாக. பாவம் அந்த மனிதர், தன் கொட்டகையை முதல்முறையாக ஒரு தாயின் கண்ணால் பார்த்திருப்பார். எங்கு திரும்பினாலும் இரும்பும் கூர்முனையுமாகத் தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவரே முந்திக்கொண்டு கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் ஏதோ கதவைத் திறந்து வச்சேன், அவ்வளவுதான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல என்னால ஆகாது. எல்லாப் பிள்ளைங்களையும் இனிமே வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

எல்லாப் பிள்ளைகளையும். அவர்களுடைய அம்மாக்களும் எங்கெங்கே அலைந்து ஓய்ந்தார்களோ. கெடுதல் நினைத்துச் செய்தவளாக இருந்தால் நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவளை என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் மதியம் அக்கா கண்கள் வீங்க உட்கார்ந்து, வேறு எங்காவது இடம் இருக்குமா என்று மறுபடி ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ அறையிலிருந்து வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அம்மாவின் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"விடும்மா. இன்னும் கொஞ்ச வருஷம்தானே, நான் வளர்ந்துடுவேன்."