பரணில் இன்னும் இடம் இருக்கிறது

காங்கேயம் தாண்டியதும் ராமாத்தாள் முறுக்கு டப்பாவை எடுக்கப் பரணுக்கு ஏறினாள். சென்னிமலை வந்த பிறகும் இறங்கவில்லை. அவள் கணவர் வையாபுரி அதற்காகக் கவலைப்படவில்லை. தாராபுரத்திலிருந்து கோபி போகும் அந்தப் பேருந்தில், தலைக்கு மேலே பைகள் வைக்கும் தட்டைப் பெரிதாக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து எல்லோரும் அதைப் பரண் என்றுதான் சொன்னார்கள். மேலே போனவர்கள் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாவது வழக்கம்.

பரண் ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. பை வைக்க இடமில்லை என்று பயணிகள் முறையிட்டார்கள். முதலாளி நல்ல மனிதர். முதலில் ஒரு பெரிய பை வைக்கும் அளவுக்கு ஆக்கினார். பிறகு அரிசி மூட்டை நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு ஆக்கினார். கட்டிலும் பீரோவும் வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அதுவும் சரி என்றார். பேருந்தின் கூரை மட்டும் உயரவில்லை. ஆகவே இருக்கைகளின் கால்களை வெட்டினார்கள். அப்புறம் இருக்கைகளையே எடுத்துவிட்டு மெத்தையைத் தரையில் போட்டார்கள்.

வையாபுரி முழங்கால்கள் காதைத் தொட உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் தலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். தலை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. யாருக்கும் குறையில்லை. நம் பை நசுங்காமல் வருகிறது என்பதே பெரிய நிம்மதிதானே.

ஆனால் கோபியில் அவர்கள் மகள் கௌசல்யா வீடு கட்டியிருந்தாள். இன்றைக்குப் புதுமனை புகுவிழா. அம்மா வந்து பால் காய்ச்சினால்தான் வீட்டுக்குள் போவேன் என்று சொல்லியிருந்தாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வையாபுரி நடத்துநரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, எங்கூட்டுக்காரி மேல போனா. இன்னும் வரலீங்க."

"டிக்கெட் யாருகிட்ட இருக்குதுங்க?"

"ரெண்டும் எங்கிட்டத்தான் இருக்குது."

"அப்ப அவங்க லக்கேஜுங்க."

"எப்ப வருவா?"

"லக்கேஜ் தானா வராதுங்க. ஆள் போய்த்தான் எடுக்கோணும்."

"நா போனா நானும் லக்கேஜ் ஆயிருவனே?"

நடத்துநர் யோசித்தார். "டிக்கெட்டைக் கையில புடிச்சுக்குங்க" என்றார்.

வையாபுரி டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கம்பியில் கால் வைத்து ஏறினார். மேலே போனதும் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. எத்தனையோ மாதமாகப் பேருந்தில் அவர் நிமிர்ந்ததில்லை. காற்று சில்லென்று அடித்தது. நடுவே நீளமாக ஒரு நடைபாதை இருந்தது. இரண்டு பக்கமும் பைகள் தாராளமாக இடம்விட்டு உட்கார்ந்திருந்தன. அவர் நடக்க நடக்க நடைபாதை நீண்டது. அவசரமாக நடந்தால் அவசரமாக நீண்டது. அதனால் மெதுவாக நடந்தார்.

"வாங்க வையாபுரி" என்று ஒரு குரல் கேட்டது.

குனிந்து பார்த்தார். பழுப்பு நிறத்தில் ஒரு சூட்கேஸ். அவர்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அர்த்தநாரி.

"நீங்களா! எப்ப இப்படி ஆனீங்க?"

"பெருந்துறைக்குப் போலாம்னு ஏறுனனுங்க. காலை நீட்டிப் படுக்கலாம்னு மேல வந்தன். அப்படியே அமைஞ்சு போச்சு."

"சௌரியமா இருக்குதுங்களா?"

"ஒரு கொறையும் இல்லீங்க. ஜிப்புத்தான் ஒரு எடத்துல சிக்குது."

வையாபுரி ஜிப்பை முன்னும் பின்னும் இழுத்துச் சிக்கை எடுத்துவிட்டார். அர்த்தநாரி நீளமாக மூச்சு விட்டார். உள்ளேயிருந்து சீரகமும் மல்லியும் மணத்தன.

"கடைய ஆருங்க பாத்துக்கறாங்க?"

"கடை உள்ளதான் இருக்குது. ஏதாச்சும் வேணுங்களா?"

"இப்ப ஒண்ணும் வேண்டாமுங்க. எங்கூட்டுக்காரியப் பாத்தீங்களா?"

"தையல் மிசின் சத்தம் கேக்குதல்லங்க, அந்தப் பக்கம்."

சத்தம் கேட்கத்தான் செய்தது. வையாபுரி அந்தப் பக்கம் திரும்பினார். நடைபாதை இம்முறை நீளவில்லை. ஒரு ஜன்னலோரம் ராமாத்தாள் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முறுக்கு டப்பா திறந்திருந்தது.

அந்த இயந்திரத்தை அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் வெள்ளகோவிலில் அவள் அம்மா வீட்டிலிருந்து அதைக் கொண்டுவர நின்றார்கள். வந்த பேருந்தில் அதை வைக்க இடமில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வையாபுரி சொன்னார். அவள் அதை அம்மா வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டு ஏறிக்கொண்டாள். பிறகு ராமாத்தாளின் அண்ணன் அதை யாருக்கோ விற்றுவிட்டார்.

இயந்திரம் மட்டுமில்லை. பழனியில் அவள் ஆசைப்பட்ட மரத்தொட்டில் இருந்தது. ஈரோட்டுச் சந்தையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்த பித்தளை அண்டா இருந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் வளர்த்து, கூடவே கொண்டுவரக் கேட்ட செவலைக் கன்று நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு வந்த நாள் வையாபுரிக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தார்.

"இதெல்லாம் எப்படிப் புள்ள வந்துது?"

"எடம் இருந்துதுங்க. வந்துருச்சு."

"அண்டா?"

"அதுவுந்தான்."

அவள் தலையைத் தூக்கவில்லை. நீலத் துணியில் தையல் நேராக ஓடியது. அவள் இவ்வளவு சாவகாசமாக இருந்து வையாபுரி பார்த்ததே இல்லை. கன்றின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தார். கன்று அவர் கையை நக்கியது.

"கோபி வந்துரும். எறங்கோணுமல்ல?" என்றார்.

"எறங்கலாமுங்க. இதெல்லாம்?"

வையாபுரி வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். அண்டாவைப் பார்த்தார். அந்தப் பதில் இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றியது.

"இரு, கேட்டுட்டு வாரன்" என்று சொல்லிவிட்டு, பரணின் விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். "தம்பி, மேல இருக்கற சாமானெல்லாம் எறக்கோணுமுங்க."

"எறக்க முடியாதுங்க" என்றார் நடத்துநர். அவர் இப்போது படுத்துக்கொண்டுதான் டிக்கெட் கொடுத்தார். "கீழ எடமில்லை. ஏத்தறதுன்னா எவ்வளவு வேணுமின்னாலும் ஏத்துங்க."

பேருந்து கோபி நிலையத்துக்குள் நுழைந்து நின்றது. வையாபுரி ஜன்னலைத் தள்ளி வெளியே தலையை நீட்டினார். கௌசல்யாவும் மருமகனும் தண்ணீர்ப் பந்தல் ஓரமாக நின்றார்கள். ரொம்பக் கீழே, சின்னதாகத் தெரிந்தார்கள்.

"அம்மா எங்கீங்கப்பா?" என்று கௌசல்யா கத்தினாள்.

"மேல இருக்கறா கண்ணு. சாமான் நெறைய. எறங்க முடியாது."

"அப்பப் பால் காய்ச்சறது? நல்ல நேரம் முடியப் போவுதுங்கப்பா!"

வையாபுரி திரும்பி ராமாத்தாளைப் பார்த்தார். அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இன்னும் எவ்வளவோ இடம் காலியாக இருந்தது. அவர் மறுபடி வெளியே தலையை நீட்டினார்.

"வீட்டைக் கொண்டா" என்றார்.

கௌசல்யா கணவனைப் பார்த்தாள். மருமகன் தலையைச் சொறிந்தார்.

"மாமா, மாடிப்படி வெளிப்பக்கமா இருக்குதுங்க. உள்ள நொழையுங்களா?"

"படியைக் கடைசியாக் குடுங்க மாப்ள."

அவர்கள் போய் வீட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆட்டோக்காரர்களும் ஒரு கை பிடித்தார்கள். நிலைவாசல் முதலில் வந்தது. அதை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வையாபுரி டிக்கெட்டை விட்டுவிட்டு நிலையைப் பிடித்தார். டிக்கெட் காற்றில் போயிற்று.

"பாத்துப் புடிங்க மாமா, பெயின்ட் காயலை!"

"நீங்க தூக்குங்க மாப்ள, நா பாத்துக்கறன்."

கூடம் வந்தது. சமையலறை வந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கூடக் கோணவில்லை. கௌசல்யா பூஜை அறையை யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்துகொண்டு ஏறினாள். மாடிப்படி கடைசியாக வந்தது. எல்லாவற்றையும் வைத்த பிறகும் பரணில் முற்றம் அளவுக்கு இடம் மீந்தது. கன்றை அங்கே கட்டினார்கள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வாசல் கிழக்கே பார்க்க வேண்டும். பேருந்து திரும்பினால் வாசலும் திரும்பிவிடும். வையாபுரி குனிந்து ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னார். ஓட்டுநரும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர். அவருக்குப் புரிந்தது. இனிமேல் கிழக்கே மட்டும் போகிறேன் என்று ஒப்புக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ராமாத்தாள் தைத்து முடித்திருந்தாள். நீலத் திரைச்சீலை. அதைக் கூடத்து ஜன்னலில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். சர்க்கரை குறைந்தது. மருமகன் போய் அர்த்தநாரியைத் திறந்து வாங்கி வந்தார். பால் பொங்கி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழிந்தது. கௌசல்யா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ராமாத்தாள் முதல் டம்ளரைக் கணவரிடம் நீட்டினாள்.

"குடிங்க. ஆறிரும்."

"புள்ள" என்றார் வையாபுரி. "அந்த அண்டாவ அன்னைக்கே வாங்கியிருக்கலாம்."

"ஆமாங்க" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சிரித்தாள்.

பாலைக் குடித்துவிட்டு வையாபுரி புதுச் சுவரோரம் காலை நீட்டிப் படுத்தார். சுண்ணாம்பும் பாலும் கலந்து மணத்தன. வண்டி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஊரில் நின்றது. யாரோ ஒரு பெண் கீழேயிருந்து, "மேல எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். சாமான் ஏற்றும் முரட்டுக் கை ஒன்று வந்தது. வையாபுரியைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்து, நசுங்காமல், பதனமாகச் சுவரோடு ஒதுக்கி வைத்தது. பக்கத்தில் ஒரு மூட்டை வந்து உட்கார்ந்தது. புது நெல்லாக இருக்க வேண்டும், கதகதப்பாக இருந்தது.

வையாபுரி இன்னும் கொஞ்சம் தள்ளிப் படுத்தார்.