தலைக்கு எண்ணெய் வேண்டாம்

எண்ணெய்க் கிண்ணத்தோடு வத்ஸலா வந்தபோது பிஜேஷ் மறைப்பை விட்டு நகரவில்லை.

கிணற்றடியில் வேட்டிகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே பலகைமேல் அவன் மனைவி நிஷிதா கிடந்தாள். பெண்கள் தண்ணீர் மொண்டு பாத்திரங்களில் நிரப்பும் சத்தம் கேட்டது. தெற்குத் தோப்பில் சிதைக்கு மாமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"நகரு மோனே. தலைக்கு வெச்சுட்டுத்தான் குளிப்பாட்டணும்."

"வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்?"

"எண்ணெய். அவ தலையில வைக்க வேண்டாம்."

வத்ஸலா நிமிர்ந்து பார்த்தாள். மருமகனின் தோள்வரைகூட வராத உயரம் அவளுக்கு. கிண்ணத்திலிருந்து வாசனை நேராக அவன் முகத்தில் வந்து அடித்தது. கரிசலாங்கண்ணி, அவுரி, நெல்லிக்காய், செம்பருத்தி. சூடு இன்னும் முழுதாக அடங்கவில்லை. காலையில் காய்ச்சிய எண்ணெய். நிஷிதா செத்துக்கொண்டிருந்தபோது காய்ச்சிய எண்ணெய்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு மாறியது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. "அம்மா எங்கே?" என்றாள். அவன் அறையிலிருந்தே கூப்பிட்டான்.

"அம்மா! இங்க வாங்க."

"வந்துட்டேன். பதம் ஆயிட்டிருக்கு. விட்டா அடிப்பிடிச்சுடும்."

மறுபடி கூப்பிட்டான். அவள் வரவில்லை. ஓடிப்போய் அடுக்களை வாசலில் நின்று பார்த்தான். வத்ஸலா அடுப்பிலிருந்த வெண்கல உருளிக்கு முன்னால் குந்தியிருந்தாள். எண்ணெயில் ஒரு திரியை நனைத்து அடுப்புத் தீயில் காட்டிக்கொண்டிருந்தாள். திரி சடசடவென்று பொரிந்தது. தண்ணீர்ச் சத்து இன்னும் வற்றவில்லை என்று அர்த்தம். சத்தமில்லாமல் எரிந்தால்தான் பதம். அவனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்தான்" என்று அவள் சொன்னாள்.

அவன் திரும்பி வந்தபோது நிஷிதாவின் கண்கள் வாசலைப் பார்த்தபடி திறந்திருந்தன. மூச்சு இல்லை.

இந்த வீட்டுப் பெண்களை ஒற்றப்பாலத்தில் முடியை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று பிஜேஷின் அக்காகூட நிஷிதாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின்னலைத்தான் பார்த்தாள். முழங்காலைத் தொடும் பின்னல். வத்ஸலாவின் எண்ணெய்க்கு ஊரில் அவ்வளவு பேர். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்களின் அம்மாக்கள் பாட்டிலோடு வந்து நிற்பார்கள்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது வத்ஸலா அழவில்லை. சரியாகிவிடும் என்றாள். மருந்து ஏற்றி, தலையணையெல்லாம் முடியாகக் கிடந்த அன்றுதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அடுப்பைவிட்டு உருளி இறங்கவில்லை.

பிறகு ஊரே கிளம்பி வந்தது. ஒருத்தி சின்ன வெங்காயச் சாறு கொண்டுவந்தாள். ஒருத்தி கற்றாழை கொண்டுவந்தாள். வயநாட்டில் ஒரு வைத்தியர் குன்றிமணியில் காய்ச்சித் தருகிறார், மொட்டைத் தலையில் காடு மாதிரி வளருமாம் என்று ஒருவர் மலையேறிப் போய் வாங்கி வந்தார். நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது என்று பிஜேஷ் சொன்னால், "அது கிடக்கட்டும், முடி துளிர்க்க ஆரம்பிச்சுதா?" என்று கேட்டார்கள்.

"என் தலை இப்ப கோயில் மாதிரி ஆயிடுச்சு" என்றாள் நிஷிதா. "வர்றவங்கல்லாம் எண்ணெய் ஊத்திட்டுப் போறாங்க. ஒரு உண்டியல் வெச்சா நல்லா இருக்கும்."

மிச்சமிருந்த முடியை அவன்தான் மழித்துவிட்டான். கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஒரு சட்டி கனம் இறங்கின மாதிரி" என்று தடவிக்கொண்டாள். அந்த எண்ணெய் வாசனையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மருந்து ஏற்றி வந்த வயிறு. உருளி கொதித்தாலே குமட்டும். வத்ஸலா கையில் எண்ணெயோடு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுப்பாள். அம்மா போனதும் வாந்தி எடுப்பாள். போன மாதம், அப்படி எடுத்து ஓய்ந்துபோய் அவன் மடியில் கிடந்தபோது சொன்னாள்.

"செத்தப்புறமாவது என் தலையை விட்டுடச் சொல்லு. குளிப்பாட்டறப்ப கிண்ணத்தோட வருவாங்க. நீ விடக்கூடாது."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாதே. எங்க அம்மாகிட்ட இதுவரைக்கும் நீ எதுக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. மழையில் நனைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று வத்ஸலா ராஸ்னாதிப் பொடி டப்பாவோடு படியில் நிற்பாள். அவன் குனிந்து கொடுப்பான். அவள் எட்டி உச்சியில் தேய்த்துவிடுவாள். அந்த வீட்டில் அவனுக்குத் தெரிந்த ஒரே பதில் குனிவதுதான்.

இப்போது நிமிர்ந்து நின்றான்.

அச்சுதன் மாமா செருப்பைச் சேற்றில் உரசிக்கொண்டு வந்தார். வத்ஸலாவின் அண்ணன். இந்த வீட்டில் எது நடந்தாலும் அவர் சொல்வதுதான்.

"என்ன தகராறு இங்க?"

"எண்ணெய் வைக்கக் கூடாதாம்" என்றாள் வத்ஸலா.

"எவன் சொன்னான்?"

"நிஷிதா சொன்னா மாமா" என்றான் பிஜேஷ்.

"அவ வலியில ஆயிரம் சொல்லியிருப்பா. சுமங்கலியா போறா. எண்ணெய் இல்லாம வறண்ட தலையோட அனுப்பறதா? இது எங்க வீட்டுப் பொண்ணு. கட்டிக்கிட்டு ரெண்டு ஓணம் சாப்பிட்டவன் நீ. இங்க என்ன வழக்கம்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

மறைப்புக்குள்ளிருந்து ஓமனா சேச்சி தலையை நீட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி. "வெறும் மொட்டையா நடுவீட்டில எப்படிக் கிடத்தறது? அவ அண்ணன் சுதீப்போட பொண்டாட்டி கொச்சியிலிருந்து விக் ஒண்ணு கொண்டு வந்திருக்கா. நல்ல நீள முடி. பார்த்தா நிஷிதா முடியேதான். எண்ணெயைத் தொட்டு வெச்சுட்டு அதை மாட்டிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"எது தெரியாது? அவ செத்ததா?"

"ஐயோ, நான் நல்லதுக்குச் சொன்னேன் மோனே."

"நல்லதுக்குத்தான் எல்லாரும் சொன்னீங்க. ஒருத்தராவது அவ வயிறு வீங்கினதைப் பார்த்தீங்களா? கால் வீங்கினதைப் பார்த்தீங்களா? வந்து உக்காந்து தலையை மட்டும் பார்த்துட்டு, டீ குடிச்சுட்டுப் போனீங்க."

"குரலை இறக்குடா" என்றார் மாமா. "வத்ஸலே, நீ போய் வை. நான் பார்த்துக்கறேன் இவனை."

வத்ஸலா ஓரடி எடுத்து வைத்தாள். பிஜேஷ் அவளை மட்டும் பார்த்துச் சொன்னான்.

"கடைசியா உங்களைத்தான் கேட்டா. நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க திரி பொரியுதான்னு பார்த்துட்டிருந்தீங்க."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

வத்ஸலாவின் வலது கை விரல்கள் ஏற்கெனவே எண்ணெயில் தோய்ந்திருந்தன. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். அடுக்களைப் படி ஏறும்வரை கை அப்படியே இருந்தது.

நிஷிதாவை நடுவீட்டில் வாழையிலையில் கிடத்தினார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. சுற்றிலும் தேங்காய் மூடிகளில் திரி எரிந்தது. நெற்றியில் சந்தனம். அதற்கு மேலே வெறும் தலை, சின்னதாக, சுத்தமாக. காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. அதுவரை அதைக் கவனித்தவன் அவன் ஒருவன்தான். இன்று எல்லோரும் பார்த்தார்கள்.

கோடி போட வந்தவர்கள் குனிந்து, நிமிர்ந்து, சுவரோரம் போய்க் கிசுகிசுத்தார்கள்.

"எப்படி இருந்த முடி!"

"ஈர்க்குச்சி மாதிரி ஒண்ணுகூட இல்லையே."

"பாவம் வத்ஸலா. எவ்வளவு காய்ச்சினா."

பிஜேஷ் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வயதுப் பெண் செத்துக் கிடந்தாள். ஊர் அவளுடைய முடிக்குத் துக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுக்களைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனான். வத்ஸலா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஓமனா சேச்சி அவள் தோளை அணைத்துத் தேற்றிக்கொண்டிருந்தாள். தேற்றி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உருளியை எட்டிப் பார்த்தாள்.

"முழுசும் அப்படியே இருக்கே வத்ஸலே. இன்னிக்குக் கேக்கறது சரியில்லைதான். என் பொண்ணுக்கும் வகிடு அகலமாயிட்டே வருது. ஒரு சின்ன பாட்டில் மட்டும்..."

வத்ஸலா திரும்பவில்லை. "போயிடு ஓமனா" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி பிஜேஷ் கேட்டதில்லை.

அவன் தண்ணீர் குடிக்காமல் வெளியே வந்தான்.

தெற்குத் தோப்பில் சிதை அடுக்கியாயிற்று. மேலே தார்ப்பாய் பிடித்திருந்தார்கள். சுதீப் ஈர வேட்டியோடு கொள்ளி வைத்தான். அண்ணன் வைப்பதுதான் அங்கே வழக்கம். பச்சை மாமரம், மழையில் ஊறிய மட்டை. தீ பிடித்தது, புகைந்தது, அணைந்தது. சிரட்டையைத் திணித்தார்கள். கற்பூரம் போட்டார்கள். நெய் தீர்ந்தது. மறுபடி அணைந்தது.

"எண்ணெய் கொண்டா!" என்று மாமா வீட்டைப் பார்த்துக் கத்தினார். "தேங்காயெண்ணெய் டின் எங்கே?"

"டின் காலி மாமா" என்று யாரோ உள்ளிருந்து கத்தினார்கள். "நேத்தே உருளியில ஊத்தியாச்சாம்."

எல்லோரும் பிஜேஷைப் பார்த்தார்கள். விறகுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி ஓரம் தெரிந்தது. மழை தார்ப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தது.

பெண்கள் சிதைக்கு வருவதில்லை. வத்ஸலா வந்தாள். இரண்டு பக்கமும் துணி சுற்றி உருளியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வழுக்கும் சேற்றில் ஒவ்வோர் அடியாக வந்தாள். யாரும் வாங்கப் போகவில்லை. பிஜேஷின் முன்னால் வந்து நின்றாள்.

"விறகுக்குத்தான்" என்றாள். "தலைமாட்டுல ஊத்தச் சொல்லலை. கால்மாட்டுல ஊத்தட்டும்."

அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

சுதீப் கால்மாட்டில் ஊற்றினான். தீ ஒரு கணம் தயங்கி, எண்ணெய் பட்ட வழியெல்லாம் ஏறியது. பொரியவில்லை. சடசடக்கவில்லை. பதம் சரியாக வந்திருந்தது.

புகை தோப்பு முழுவதும் கவிந்தது. அதே வாசனை. பிஜேஷ் அவளைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? விட்டு, இழுத்தான்.

எல்லாம் முடிந்து குளத்தில் முங்கினான். மறுபடி முங்கினான். சோப்புப் போட்டான். மேலே ஏறித் தலையை உதறியபோது முடியிலிருந்து கரிசலாங்கண்ணி மணத்தது.

அடுக்களைப் படியில் வத்ஸலா நின்றிருந்தாள். ஒரு கையில் துண்டு. மறு கையில் பொடி டப்பா.

அவன் துண்டை வாங்கிக்கொண்டான். தலையைத் துவட்டினான். அவள் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். காத்திருந்தாள்.

அவன் குனியவில்லை. நகரவும் இல்லை.

வத்ஸலா ஒரு படி மேலே ஏறினாள். எட்டவில்லை. இன்னொரு படி ஏறி, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எட்டி அவன் உச்சியில் பொடியை வைத்துத் தேய்த்தாள்.