ஸ்ரீவித்யாவின் எண்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பைக்கில் ஐந்தருவிக்குப் போனேன். தண்ணீர் விழுவதை இருபது விநாடி வீடியோ எடுத்தேன். இலஞ்சிக்குத் திரும்பி டீ போட்டேன். ஸ்ரீவித்யாவின் போனில் வீடியோவை ஸ்டேட்டஸாக வைத்தேன். ‘இன்றைய அருவி. காலை வணக்கம். வித்யா’ என்று எழுதினேன்.

எங்கள் காட்டேஜில் நான்கு அறைகள். சீசனுக்கு வருகிறவர்கள் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். அதை ஆரம்பித்தது என் மனைவி வித்யா. பிப்ரவரியில் இறந்துவிட்டாள். வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று இருந்தேன். ஜூலை வந்துவிட்டது.

ஏழு மணிக்கு அதே போனில் ஒரு ஃபைல் வந்தது. பக்கத்துக் காட்டேஜ் முத்துச்செல்வம் அண்ணாச்சியின் எண்ணிலிருந்து. ‘அருவியில் குளிக்கத் தடை: அறிவிப்பு.’ தடை வந்தால் அன்றைக்கே அறைகள் காலியாகும். சீசனில் அந்த வார்த்தையைப் பார்த்தால் இங்கே யாரும் யோசிக்க மாட்டோம். அழுத்தினேன். ஏதோ அனுமதி கேட்டது. கொடுத்தேன். அறிவிப்பு எதுவும் திறக்கவில்லை.

பத்து நிமிடத்தில் அந்த போனில் வாட்ஸப் நின்றுபோனது. எண் வேறொரு போனில் பதிவாகிவிட்டதாகத் திரை சொன்னது. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

“ஏலே, நான் ஒண்ணும் அனுப்பலலே. என் போனும் போச்சு. நீ தொறந்துட்டியா?”

என் போனில் அவள் எண்ணைத் தேடினேன். மஞ்சள் சேலையில் அவள் படம். கீழே ‘ஆன்லைன்’ என்றிருந்தது.

போனை மேசையில் வைத்துவிட்டு, தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்டேட்டஸ் வந்தது. எந்த வருடத்து வெள்ளமோ, அருவி பாறை தெரியாமல் கொட்டியது. இன்றே முன்பணம் கட்டினால் பாதி வாடகை. அனுப்ப வேறு எண். கடைசியில் ‘வித்யா’.

என்னைப் போலவே எழுதியிருந்தார்கள்.

போன் அடித்தது. தூத்துக்குடி சுகிர்தம் அக்கா, மூன்று வருடமாகக் குடும்பத்தோடு வருகிறவர். மேடம் புது எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்களே, சரிதானா என்று கேட்டார். மேடத்திடம் இப்போதுதான் வாட்ஸப் காலில் பேசினாராம்.

“பேசுனீங்களா?”

“ஆமா தம்பி. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. சளின்னாங்க. சுக்குத்தண்ணி போட்டுக் குடிக்கச் சொன்னேன்.”

வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

“அனுப்பாதீங்க அக்கா. அது வித்யா இல்ல.”

“நான் பேசுனேம்லா தம்பி?”

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “வித்யா பிப்ரவரியில இறந்துட்டா.”

அக்கா மெதுவாகக் கேட்டார்.

“அப்ப ஈஸ்டருக்கு எனக்கு வாழ்த்து அனுப்புனது யாரு?”

நான்தான் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். எங்களை நம்பி இனி வருவாரா, தெரியாது. பணம் அனுப்பவில்லை. அதுவரை சரி.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைத்துச் சொன்னேன். தென்காசியில் முகம்மது சலீம் பாயின் செல்போன் கடைக்குப் போனேன். அவர் முதலில் சிம்மைக் கழற்றினார். பிறகு போனில் இருந்ததையெல்லாம் அழித்தார். வாட்ஸப் எண் திரும்பக் கிடைக்க ஒரு வாரம் ஆகலாம் என்றார். அதுவரை அவர்கள் அவளாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முன்பதிவு நோட்டை எடுத்தேன். அதில் இருந்த ஒவ்வொருவருக்கும் என் எண்ணிலிருந்து ஒரே செய்தி அனுப்பினேன். ‘என் மனைவி ஸ்ரீவித்யா பிப்ரவரி மாதம் இறந்துவிட்டார். அவர் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். இத்தனை நாள் அவர் பெயரில் எழுதியது நான். மன்னிக்கவும்.’

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். ஐந்தருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. மற்ற காட்டேஜ்காரர்கள் இப்படி ஒரு நாளில் பழைய வீடியோவைப் போடுவார்கள். நான் அந்த நூலையே வீடியோ எடுத்து, என் பெயரில் ஸ்டேட்டஸ் வைத்தேன்.

பிப்ரவரியில், ஆம்புலன்ஸில், அவள் மாஸ்க்கை விலக்கினாள். என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று குனிந்தேன்.

“தண்ணி இல்லன்னா இல்லன்னே போடுங்க.”