அதே ஜாவாதான்

சாலமன் ஒரு வார்த்தை கேட்காமல் மோகன்ராஜின் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததோடு நிற்காமல், அடியில் கைவிட்டு அதைத் தன் உயரத்துக்கு இறக்கியும் கொண்டான். மோகன்ராஜ் வருகிறவர்களுக்குப் போடும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். தன் மேஜைக்கு முன்னால் தானே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது அங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஆபீஸ் முதலாளி ரோஹிணி மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, சாலமன் சாருக்கு ஏசி போதுமா என்று விசாரித்தார். அந்த ஏசி பத்து வருஷமாக மோகன்ராஜின் தலைக்கு மேல்தான் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவனை யாரும் விசாரித்ததில்லை.

திரையில் இருந்தது மோகன்ராஜ் எழுதிய புரோகிராம். சாலமன் அதை மேலிருந்து கீழே உருட்டி உருட்டிப் படித்தான். நடுவில் ஓர் இடத்தில் நின்று, திரும்ப ஒருமுறை படித்தான்.

"நீட்டா எழுதிகீற மச்சான்" என்றான்.

மெய்யாகவே மெச்சித்தான் சொன்னான். அதுதான் மோகன்ராஜுக்குப் பொறுக்கவில்லை. குறை சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

இரண்டு பேரும் திரிசூலத்துக் கல்குவாரிப் பக்கம் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அம்மாக்களும் சைக்கிள் டியூபை வெட்டி விரல்களில் சுற்றிக்கொண்டு ஒரே குவியலில் ஜல்லி உடைத்தவர்கள். மோகன்ராஜின் அப்பாவுக்குக் கல்தூசியில் நெஞ்சு போயிற்று. சாலமனின் அப்பாவுக்கு வெடியில் ஒரு காது. அந்த மேட்டிலிருந்து இறங்கி வர இரண்டு பேருக்கும் கிடைத்த ஒரே வழி, தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கே படித்ததுதான் ஜாவா என்கிற புரோகிராம் மொழி. தலையணை மாதிரி ஒரு புத்தகம். ஒன்றுதான் வாங்க முடிந்தது என்பதால் முதுகில் பிளேடு போட்டு இரண்டாகக் கிழித்தார்கள். முன்பாதி சாலமனுக்கு, பின்பாதி மோகன்ராஜுக்கு. மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வதென்று பேச்சு. முதல் மாதம் தலைகால் புரியாமல் பின்பாதியை மோகன்ராஜ் மனப்பாடம் செய்தான். மொழியின் கஷ்டமான சங்கதியெல்லாம் அதில்தான் இருந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் அவன்தான். சாலமனே அப்போது அவனிடம்தான் சந்தேகம் கேட்பான்.

அப்புறம் சாலமன் சிறுசேரியில் பெரிய கம்பெனிக்குப் போனான், அங்கிருந்து வெளிநாடு போனான், திரும்பி வந்து கூடுவாஞ்சேரியில் வீடு கட்டினான். மோகன்ராஜ் முடிச்சூர் சாலையில் டைல்ஸ் கடைக்கு மேலே இருந்த இந்த ஆபீசில் சேர்ந்தான், இங்கேயே இருந்தான். வீடும் காரும்கூட அவனைப் பெரிதாக உறுத்தவில்லை. நாலு பேர் முன்னால் சாலமன் எச்சில் விழுங்காமல் பேசுகிறான். அதுதான் உறுத்தியது. இதில் வேடிக்கை, அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே மோகன்ராஜின் வாய்தான். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், கிளவுடில் பெரிய கை என்று ஊரெல்லாம் சொல்கிற ஆள் தன்னுடைய சினேகிதன் என்று பீற்றிக்கொண்டான். மறுவாரமே மேடம் நம்பரைக் கேட்டு வாங்கினார்.

ஆபீசின் பிழைப்பு பள்ளிக்கூட வேன்களை நம்பி இருந்தது. வேன் ஓட்டுகிறவர் ஒரு நிறுத்தத்தைத் தாண்டியதும் தன் போனில் ஒரு பொத்தானை அமுக்குவார். உடனே அடுத்த நிறுத்தத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கு, வண்டி வருகிறது என்று மெசேஜ் போகும். பாத்திரம் கழுவுகிறவள், மீன் விற்கிறவள், தையல் மெஷினில் இருப்பவள், எல்லோரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து நிற்பார்கள். அதைச் செய்தது ஆபீஸ் மூலையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் அது படுத்துவிடும். போன மழையில் அரை நாள் படுத்தது. அதோடு மேடம் முடிவு செய்துவிட்டார், எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது எங்கோ ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்குப் பிடிக்கிற இடத்துக்கு, கொண்டுபோவதென்று.

அதற்கான கூட்டத்தில்தான் மோகன்ராஜ் வாயைக் கொடுத்தான்.

"அது ஜாவா இல்ல மேடம்" என்றான்.

ரோஹிணி மேடம் புருவத்தை உயர்த்தினார். "ஜாவான்னுதானே போட்டிருக்கு மோகன்?"

"பேரு ஜாவா. ஃபைல்ல எழுதாதன்றான் கிளவுடுகாரன். அத்த தொடாத, இத்த தொடாதன்றான். அவன் வுட்ட வரைக்கும்தான் நாம பேசலாம். பாஷைல பாதிய புடுங்கிகினு, இதான் பாஷைன்னா இன்னா அர்த்தம்?"

இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த பேச்சு. சாலமன் பொறுமையாகக் கேட்டான். ஃபைலில் எழுதுகிற இடங்களையெல்லாம் முந்தின நாளே டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டதாகவும், வேறு ஒரு வரியையும் தொடவில்லை என்றும் சொன்னான். பிறகு சிரித்துக்கொண்டே மோகன்ராஜ் பக்கம் திரும்பினான்.

"வாடக வூட்ல ஆணி அடிக்கக்கூடாதுன்றான் ஓனரு. அதுக்காக அது வூடே இல்லன்னு ஆயிடுமா மச்சான்? அதே ஜாவாதான்."

மேடம் சிரித்தார். கணக்குப் பார்க்கும் புஷ்பலதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மோகன்ராஜும் சிரிக்க வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து வாடகை வீட்டில் இருப்பவனுக்கு, சொந்த வீட்டுக்காரன் வாடகை வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறான். இதைச் சொல்ல அவனுக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் வயிற்றெரிச்சல் என்று தெரிந்துவிடும். வயிற்றெரிச்சல்தான். ஆனால் தெரியக் கூடாது.

சனிக்கிழமை எல்லோரும் சுற்றி நின்று ஒத்திகை பார்த்தார்கள். புஷ்பலதா ஒரு போனில் பொத்தானை அமுக்க, திரையில் வண்டிகளும் மெசேஜ் கணக்கும் தெரிகிற பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா மெசேஜும் கிணுகிணுவென்று வந்து விழுந்தன. மேடம் கைதட்டினார். கிளம்பும்போது சாலமன் அவன் தோளில் கைபோட்டு, "இன்னா மச்சான், வேல நல்லா கீதா?" என்று கேட்டான். மோகன்ராஜ் தலையை ஆட்டினான்.

ஞாயிறு மத்தியானம் அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. லேப்டாப்பைத் திறந்து, இல்லாத ஒரு நிறுத்தத்தைச் சேர்த்து, அதில் தன் நம்பரைப் போட்டான். ஓட்டுநர் மாதிரித் தானே பொத்தானை அமுக்கிவிட்டு, பக்கத்தை மூடி, சாப்பிடப் போனான். சாப்பிட்டுக் கை கழுவி வந்தும் மெசேஜ் வரவில்லை. என்ன ஆயிற்றென்று பக்கத்தைத் திறந்தான். திறந்த மாத்திரத்தில் போன் சிணுங்கியது. மறுபடி செய்து பார்த்தான். திறக்காதவரை சத்தமில்லை. திறந்தால் சிணுங்குகிறது.

அவனுக்கு விளங்கிவிட்டது. பொத்தானை அமுக்கியதும் அவனுடைய புரோகிராம் ஓட்டுநருக்குச் 'சரி' என்று பதில் சொல்லிவிட்டு, மெசேஜ் அனுப்பும் வேலையைப் பின்னால் இன்னோர் ஆளிடம் தள்ளிவிடும். அப்படிப் பின்னால் நிற்கிறவன்தான் ஜாவாவில் த்ரெட். பின்பாதிப் புத்தகத்தில் அவன் உயிரைக் கொடுத்துப் படித்தது. சாலமன் இரண்டு தரம் படித்து மெச்சியதும் அந்த இடத்தைத்தான். இந்தக் கிளவுடுக்கோ, பதில் சொன்னதும் வேலை முடிந்த கணக்கு. விளக்கை அணைத்துவிடுகிறது. பின்னால் நிற்கிறவன் தூக்கிய கை தூக்கியபடி உறைந்துபோகிறான். அடுத்து யாராவது வந்து கதவைத் தட்டினால்தான் அவனுக்கு மறுபடி உயிர். மேஸ்திரி பார்க்கிற வரைக்கும் சம்மட்டி விழுகிற குவாரி மாதிரி. சனிக்கிழமை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அதனால் ஓடியது.

நிறைய வேன்கள் ஓடும்போது ஒருவர் பொத்தானை அமுக்குவது இன்னொருவரின் மெசேஜை எழுப்பிவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் மற்ற வண்டியெல்லாம் அடங்கியபின் ஓடுகிற கடைசி வண்டிக்குப் பின்னால் தட்ட யாருமில்லை. அதே ஓட்டுநர் அடுத்த நிறுத்தத்தில் அமுக்கும்போதுதான் முந்தின மெசேஜ் எழும் என்பதால், அந்த வண்டியின் மெசேஜ் ஒவ்வொன்றும் பிள்ளை இறங்கிய பிறகுதான் போகும்.

அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அது ஜாவா இல்லை என்று சொன்னேனே. காரணம் வேறாக இருந்தால் என்ன, சொன்னது சொன்னதுதானே. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி ஹேமாவதியிடம் சொன்னான். அவளுக்கு ஜாவா தெரியாது, புருஷனைத் தெரியும்.

"சாலமன் அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"கேக்கட்டும். சொல்றேன்."

"நேத்து கேட்டாருன்னியே, வேல நல்லா கீதான்னு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவுரு வுழறதுக்கு நீ தேதி குறிச்சிகினு கீற."

திங்கட்கிழமை காலையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் வேன்கள் கிளம்புகிற நேரத்துக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கரண்ட் போனது, இன்வெர்ட்டர் முனகியது, மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் படுத்தது. கிளவுடுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேன்கள் ஒவ்வொன்றாகத் திரையில் நகர, மெசேஜ்கள் போய்க்கொண்டே இருந்தன. மேடம் கேக் வரவழைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்காரர் போனில் கூப்பிட்டுப் பாராட்டியதும் எல்லோரும் அவர் அறைக்குள் போய்விட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. மோகன்ராஜ் மட்டும் போகவில்லை. திரையில் ஒரே ஒரு வண்டி மிச்சமிருந்தது. சேட்டு ஓட்டுகிற வண்டி, முடிச்சூரின் கடைசி நகர்கள் வரை போவது. தண்ணீர் தேங்கிய ரோட்டில் அது ஊர்ந்துகொண்டிருந்தது. மோகன்ராஜ் பக்கத்தை மூடினான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது. மெசேஜில் கோளாறென்றால் கூப்பிடச் சொல்லி எல்லா வீடுகளுக்கும் கொடுத்திருந்தது அவன் நம்பர்தான். கிளவுடுக்குப் போகிற அவசரத்தில் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பேசியது அங்காளம்மா. சாலையோரம் மீன் விற்கிறவள், அவள் பெண் சேட்டுவின் வண்டியில் வருகிறாள்.

"சார், சேட்டு வண்டி எங்க கீது? மெசேஜே வரல. எங்க ஸ்டாப்பாண்ட முட்டி வரிக்கும் தண்ணி கீது சார். புள்ள குட்டையா இருப்பா. கூடய போட்டுட்டு ஓடட்டா, இல்ல டைம் கீதா?"

"இப்பவே போ அக்கா. ஓடு" என்றான்.

அவள் போய்விடுவாள். மற்ற வீடுகள்? அவள் நிறுத்தத்துக்கு அப்பாலும் வீடுகள் இருந்தன, கால்வாயை ஒட்டி. மோகன்ராஜ் பக்கத்தைத் திறந்தான். பக்கம் வருகிற நேரத்துக்கு மட்டும் பின்னால் நிற்கிறவன் விழித்து, இரண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி உறைந்தான். திரும்பத் திறந்தான். இன்னும் இரண்டு. பக்கத்தைத் திரும்பத் திறக்கும் விசையிலிருந்து விரலை எடுத்தால் நின்றது.

எழுந்துபோய் அந்த அறை வாசலில் நின்று சொன்னால் தீர்ந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். சாலமன் பதற மாட்டான். த்ரெட்டு உன்னோடது மச்சான் என்று சிரிப்பான். ராத்திரிக்குள் அந்த இடத்தை மாற்றி எழுதுவான். விழுகிறதைப் பிடித்தான் என்று அதற்கும் ஒருமுறை கைதட்டுவார்கள். சொல்லாமல் விரலையும் எடுத்துவிட்டால்? சாலமன் விழுவான். ஆசைப்பட்டது அதற்குத்தான். கால்வாய் ஓரத்தில் பைகளோடு இறங்கப்போகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று திரை காட்டியது. அவன் மறுபடி அமுக்கினான். சேட்டு ஒரு நிறுத்தம் தாண்டினான். மறுபடி. மறுபடி.

அறைக்கதவு திறந்தது. சாலமன் காகிதத் தட்டில் ஒரு பெரிய துண்டு கேக்கோடு வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றான். திரையை எட்டிப் பார்த்தான். அனுப்பியவற்றின் எண்ணிக்கை கண்ணெதிரே ஏறியது.

"பாரு மச்சான். இந்த மழைல ஒரு மெசேஜ் தவறல. இப்பனாச்சும் ஒத்துக்கிறியா?"

மோகன்ராஜின் விரல் அந்த ஒரு விசையின்மேல் விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

"எத்தினி தபா பாப்ப? ஓடும்டா, வுடு" என்றான் சாலமன். தட்டை நீட்டினான். வாங்கிக்கொள்ள மோகன்ராஜ் கையை எடுக்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்தானோ என்னவோ, சாலமன் கேக்கைப் பிட்டு, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி அவன் வாயருகே கொண்டுபோனான்.

மோகன்ராஜ் வாயைத் திறந்தான். கிரீம் மேலுதட்டில் அப்பியது. துடைத்துக்கொள்ளாமல், விழுங்கவும் இல்லாமல், கன்னம் உப்ப அவன் திரையைப் பார்த்து அமுக்கிக்கொண்டே இருந்தான். அதில் சேட்டுவின் வண்டிப் புள்ளி, கால்வாயை ஒட்டி, நகர்வதும் நிற்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது.